எந்தக் குளிசை?

அத்தியாயம் பதினேழு

மூன்றாம் நாளும் விஜயகலாவின் காய்ச்சல் இறங்கவில்லை.

அந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டில், கஹவத்தைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் காய்ச்சல் நுழையாத லய வீடு கிடையாது. பால் வெட்டும் மரங்களில் கட்டிய சிரட்டைகளில் மழைத்தண்ணீர் நின்றது. அதில் நுளம்பு பெருகியது. கடிபட்டவர்கள் கைகால் முடங்கிச் சுருண்டார்கள். ரேடியோவில் சிக்குன்குன்யா என்று பெயர் சொன்னார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் நோய் எலும்புக்குள் நன்றாகவே நுழைந்தது. தோட்டமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து நடந்தது. துரைக்குக்கூட எங்கள் சனம் அவ்வளவு குனிந்ததில்லை.

மற்றவர்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, வாங்கி விழுங்கினார்கள். இரண்டு நாள் புலம்பிவிட்டு எழுந்தும் விட்டார்கள். விஜயகலா மட்டும் விழுங்கவில்லை. அவள் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை இருந்தது.

இது இரண்டாவது. முதல் பிள்ளை பிறந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். நிறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. பிறந்ததும் நீலம் பாரித்தது, விடிவதற்குள் போய்விட்டது. பெயர்கூட வைக்கவில்லை. அன்றே ரப்பர் மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

மண்ணின் ஈரம் காய்வதற்குள் மாமியார் மூக்காயி காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். மாசமாக இருந்தபோது தலைவலிக்கு மருமகள் டிஸ்பென்சரிக் குளிசையை நாலைந்து தடவை விழுங்கியதை அவள் பார்த்திருந்தாள். "குளுசையைத் தின்னா, பிள்ளையையும் தின்னுட்டா" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் வைத்துச் சொன்னாள். அப்புறம் வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் சொன்னாள், கோயில் திருவிழாவிலும் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். சொந்த வீட்டு வாய்க்கு மட்டும் எங்கே இருக்கிறது?

விஜயகலா எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியார் சொன்னதை அவளே நம்பிவிட்டாள் என்பதுதான் அதில் பெரிய கொடுமை.

போன வாரம் விஜயகலாவின் புருஷன் யோகராஜ் ஒரு பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுவந்தானே, நினைவிருக்கிறதா? கஹவத்தை பஜாரில் முஹ்ஸின் முதலாளியின் இரும்புக் கடையில் அவனுக்கு வேலை. கடைக்கு வரும் பத்திரிகையில், கர்ப்பிணிகள் வலி மாத்திரை எடுத்தால் கருவுக்கு ஆபத்து என்று ஆய்வில் தெரிந்ததாக ஒரு செய்தி. நல்லதென்று நினைத்துத்தான் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினான். மூக்காயி மருமகளை ஒரு பார்வை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வையில் வைத்த தீதான் இந்தக் காய்ச்சலோடு சேர்ந்து இப்போது எரிந்துகொண்டிருந்தது.

காலையில் யோகராஜ் வேலைக்குப் போகவில்லை. ஒரு கையில் வெறுந்தேத்தண்ணியும் இன்னொரு கையில் குளிசையுமாகக் கட்டிலடியில் குந்தியிருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு போட்டுக்க கலா. ஒடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது."

"வேணாங்க."

"டிஸ்பென்சரி ஐயா சொல்லித்தானே குடுத்தாரு? பரசிட்டமோல், பயமில்லைன்னாரு."

"போன தடவையும் அவருதானே குடுத்தாரு."

அவன் குளிசையை அவள் உதட்டருகே கொண்டுபோனான். அவள் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"நீங்கதானே பேப்பர்ல படிச்சுக் காட்டினீங்க? இப்ப நீங்களே நீட்டுறீங்க. நான் எதைத்தாங்க நம்புறது?"

யோகராஜ் கையிலிருந்த குளிசையைப் பார்த்தான். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை. குளிசையைக் கொடுத்துப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கொடுக்காமல் விட்டு இவளுக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பாழாய்ப்போன பேப்பரை ஆணி பொதிகிற தாளோடு போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

வாசலில் முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்த மூக்காயி திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம்னா விடுடா. அந்தக் குளுசையால ஒருக்கா பட்டது பத்தாதா?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா!"

"நான் சும்மாதாண்டா இருக்கேன். என் வாய்தான் இருக்க மாட்டேங்குது. என் பேரப்பிள்ளையாச்சே."

விஜயகலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுத்திப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"என்னங்க, விடிஞ்சதுலேருந்து பிள்ளை அசையலைங்க."

யோகராஜ் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டுக்கு ஓடினான்.

த்ரீவீலர் வந்ததும் மூக்காயி தானும் வருவேன் என்று நின்றாள். முட்டிவலியோடு இந்தக் காய்ச்சலும் வந்து போயிருந்ததால் அவளால் நேராக நடக்க முடியவில்லை. ஆனாலும் பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் எதையோ முடிந்துகொண்டு, இரண்டு படியையும் உட்கார்ந்தே இறங்கினாள். பாசம் இல்லாதவளா அவள்? பாசம் நிறையத்தான் இருந்தது. அது அவள் நாக்கு வழியாக வரும்போதுதான் புளித்துப்போகும்.

வழியெல்லாம் குண்டும் குழியும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் விஜயகலா வயிற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். ஒரு தடவை அசைந்துவிடு, ஒரே ஒரு தடவை உதைத்துவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார்கள். பொம்பளை வார்ட்டுக்குள் ஆம்பளைக்கு இடமில்லை என்று யோகராஜை வெளியே நிறுத்தினார்கள். மூக்காயிதான் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். யார் யாரைத் தாங்கினார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

டொக்டர் ஒரு பெண், நோனா என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். இளம் வயசு. களைத்துப்போன முகம், அதிராத குரல். தமிழ் தெரியாது. விஜயகலா கலவானப் பக்கத்தில் சிங்களப் பிள்ளைகளோடு ஒன்றாக வளர்ந்தவள், அவளுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மூக்காயிக்குத் தெரிந்ததோ பஜார் சிங்களம். கருவாட்டுக்கு விலை கேட்கலாம், பஸ்சை நிறுத்தச் சொல்லலாம், அவ்வளவுதான்.

நோனா சின்ன மெஷின் ஒன்றை வயிற்றில் வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினாள். கரகரவென்று இரைச்சல் மட்டும் கேட்டது. விஜயகலா மூச்சை அடக்கிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். அப்போது கேட்டது, டக் டக் டக் டக்கென்று, யாரோ மூச்சிரைக்க ஓடிவருகிற சத்தம்.

"இருக்கிறது, துவ" என்றாள் நோனா. துவ என்றால் மகள்.

விஜயகலாவுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. மூக்காயி மெஷினையே கையெடுத்துக் கும்பிட்டாள்.

நோனா சிங்களத்தில் சொன்னதை நாம் தமிழிலேயே கேட்போம். "ஆனால் ரொம்ப வேகமாக அடிக்கிறது. உன் காய்ச்சல் பிள்ளையையும் சுடுகிறது. மூன்று நாளாக ஏன் எதுவும் எடுக்கவில்லை?"

விஜயகலா சொன்னாள். முதல் பிள்ளை, நீலம் பாரித்த உடம்பு, வெள்ளைக் குளிசை, பத்திரிகைச் செய்தி, எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு வருஷமாக ஒருவரிடமும் முழுதாகச் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருத்தியிடம், இன்னொரு மொழியில் சொன்னாள். தமிழில் என்றால் வாய் வந்திருக்காது.

நோனா முழுதும் கேட்டு முடித்தாள். பிறகு ஒரு நர்ஸ் மிஸ்ஸியிடம் பரசிட்டமோல் இரண்டு கொண்டுவரச் சொன்னாள்.

அந்தப் பெயர் மூக்காயிக்குப் புரிந்துவிட்டது. பதறிப்போய் முன்னால் வந்தாள்.

"வேணாம் நோனா, வேணாம்! கலா, சொல்லு! அந்த வெள்ளை வேணாம்னு சொல்லு. நம்மகிட்ட நல்ல மருந்து இருக்கு."

இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். செங்கல் நிறத்தில் சின்னச் சின்னக் குளிசைகள் உள்ள அட்டை ஒன்றை எடுத்து நோனாவிடம் நீட்டினாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. தனக்குத் தெரிந்த சிங்களத்தை எல்லாம் திரட்டினாள்.

"ஹொந்த பெஹெத், நோனா! ஹொந்த பெஹெத்!"

நல்ல மருந்தாம். பெல்மதுளையில் காசு கொடுத்துப் பார்த்த டொக்டர் அவளுடைய முட்டிவலிக்கு எழுதிக் கொடுத்தது. தோட்டத்தில் இது ஒரு பெரிய நம்பிக்கை. டிஸ்பென்சரியில் சும்மா கொடுப்பதுதான் குளுசை, டவுனில் காசு கொடுத்து வாங்குவது மருந்து. குளுசையால் கெடுதல் வரும், மருந்தால் வராது. இதில் கிழவி குமரி என்ற பேதமே கிடையாது, எல்லாரும் ஒரே கட்சி.

நோனா அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இதை உனக்கு யாராவது கொடுத்தார்களா? முதல் பிள்ளையின்போது?"

விஜயகலா தமிழில் திருப்பிச் சொல்வதற்குள், நோனா அட்டையைப் பார்க்கும் பார்வையை மூக்காயி பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

"சொல்லு கலா. நெறமாசத்துல நீ இடுப்பு கடுக்குதுன்னு துடிச்சியே, அப்ப நாந்தானே காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணுன்னு குடுத்தேன்? பத்துப் பன்னண்டு நாள் குடுத்தேன். எனக்கு இல்லாட்டியும் பரவாயில்லன்னு குடுத்தேன். அதையும் சொல்லு."

விஜயகலாவுக்கு நினைவு வந்தது. மறந்த விஷயம் இல்லை அது. அந்த வீட்டில் மாமியார் தன் கையால் தண்ணீர் மொண்டு கொடுத்தது அந்தப் பத்து நாள்தான். படு, எழும்பாதே என்று சொல்லி, உள்ளங்கையில் மருந்தை வைத்து, அவள் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுப் போவாள். பெற்ற தாயைச் சின்ன வயசில் பறிகொடுத்தவளுக்கு அந்தப் பத்து நாளும் சொத்து மாதிரி. குளிசைதான் பிள்ளையைக் கொன்றது என்று ஊர் சொன்ன போதெல்லாம் அவள் வெள்ளைக் குளிசைகளைத்தான் எண்ணி எண்ணி அழுதாள். இது கணக்கிலேயே வரவில்லை. அன்பாகக் கொடுத்ததை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

"ஆமாம், கொடுத்தார்கள்" என்றாள் சிங்களத்தில்.

நோனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"கவனமாகக் கேள், துவ. பத்திரிகையில் எல்லா வலி மாத்திரையையும் ஒரே பையில் போட்டுவிட்டார்கள். அது சரியில்லை. பரசிட்டமோலை எத்தனையோ வருஷமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறோம். அதைப் பற்றியும் சிலர் சந்தேகம் சொல்கிறார்கள், ஆராய்கிறார்கள். ஆனால் நீ தலைவலிக்குப் போட்ட நாலைந்து குளிசையால் பிள்ளை சாகும் என்று காட்ட ஒருவரிடமும் ஆதாரம் இல்லை. இன்று நமக்குத் தெரிந்தவரை, இந்தக் காய்ச்சலை இப்படியே விடுவதுதான் ஆபத்து."

"அப்படியானால் இது?" அட்டையைக் காட்டினாள் விஜயகலா.

"இது வேறு வகை. முட்டிக்கு நல்லது. ஆனால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கொடுக்கவே கூடாது. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் இருதயத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் திறந்திருக்க வேண்டும். இது அதைச் சுருக்கிவிடக்கூடும்."

"இதனால்தானா?"

நோனா அட்டையைத் தன் மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"தெரியாது. இருக்கலாம். இதை எடுத்த எல்லாத் தாய்க்கும் அப்படி நடப்பதில்லை. பிறவியிலேயே இருதயத்தில் குறை இருந்திருக்கலாம். அன்றே புதைத்துவிட்டீர்கள், ஆராய்ந்து பார்க்கவில்லை. இனி யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று, அந்த வெள்ளைக் குளிசைக்காக நீ உன்னைத் தண்டிக்காதே."

இரண்டு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தால், வந்தது ஆத்திரம். பீலியடியில் சொன்னாளே, கோயிலில் சொன்னாளே, பெற்ற வயிற்றை ஊர் பார்க்கச் சபித்தாளே! ஒரு வார்த்தை போதும். இத்தனை நாளும் பட்டதற்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு வார்த்தையை எடுத்து வீசலாம்.

"டொக்டர் என்ன சொல்லுது?" என்று கேட்டாள் மூக்காயி.

சிங்களம் புரியாத அந்த முகம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. ஒன்றும் தெரியாத முகம். நல்ல சேலை, வீங்கிய முட்டி, கையில் அவிழ்ந்து தொங்கும் முடிச்சு.

நான்தான் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு விடிய விடிய விழித்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று விஜயகலாவுக்குத் தெரியும். அந்த வார்ட்டில் வேறு யாருக்கும் அது அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்காது. நிச்சயமாகச் சொல்ல முடியாத ஒன்றுக்காக இன்னொருத்தியையும் அந்தப் பாயில் படுக்க வைப்பதா?

"எதுனாலன்னு சொல்ல முடியாதாம் அத்தை" என்றாள். "குளுசையால இருந்தாலும் இருக்கலாமாம்."

"எந்தக் குளுசை?"

விஜயகலா அட்டையைப் பார்க்காமல் சொன்னாள்.

"நான் போட்டது."

அதுவும் பொய் இல்லை. எல்லாவற்றையும் விழுங்கியவள் அவள்தானே.

"நான் அன்னைக்கே சொல்லல?" என்றாள் மூக்காயி. ஆனால் வழக்கமான வேகம் இல்லை. மருமகளின் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்துவிட்டாள். அட்டையைக் கேட்டுக் கை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரி மருந்தோட இதைக் கலக்கக் கூடாதாம் அத்தை. நோனாவே வச்சுக்கட்டும்."

"அது சரி. இது உசத்தி மருந்தாச்சே, வேகம் கூடிப்போயிடும்" என்று ஒப்புக்கொண்டாள்.

மிஸ்ஸி வந்து இரண்டு வெள்ளைக் குளிசையைக் கையில் வைத்தாள். விஜயகலா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஒருத்தர் சொன்னவுடன் போகிற பயமா அது? அந்தப் பயத்தோடுதான் வாயில் போட்டுத் தண்ணீரை ஊற்றினாள்.

மூக்காயி தடுக்கவில்லை. முந்தானையால் மருமகளின் நெற்றியை ஒற்றினாள்.

"விடு. போனது போச்சு. நீ என்ன வேணும்னா செஞ்ச? தெரியாமதானே தின்ன. நான் மன்னிச்சுட்டேன்."

விஜயகலா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். மன்னிப்புக்குக் கூட இவ்வளவு கனம் உண்டு என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

பின்னேரம் வியர்த்து உடம்பு இளகியது. வயிற்றின் இடது பக்கம் ஒரு சின்ன அசைவு, ரொம்ப லேசாக. மெய்யா மனப்பிரமையா என்று அவள் கைவைத்துக் காத்திருந்தாள். மறுபடி ஒரு தடவை. மெய்தான். ஆனாலும் பிள்ளையின் துடிப்பு இன்னும் வேகமாகத்தான் இருக்கிறது, ரெண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள் நோனா.

நோயாளிகளைப் பார்க்கிற நேரத்துக்கு மணி அடித்ததும் யோகராஜ் ஓடிவந்தான். மனைவியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அவள் அழுத முகத்தைப் பார்த்து, தாயைப் பார்த்தான்.

"மறுபடி என்னம்மா சொன்னீங்க அவளை?"

"நான் ஒண்ணும் சொல்லலடா. மன்னிச்சுட்டேன்னுதான் சொன்னேன். கேட்டுப் பாரு." மூக்காயி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மனசு லேசாகிவிட்டதில் பேச்சும் தாராளமாக வந்தது. "வா, த்ரீவீல் இருக்கப்பவே போயிருவோம். ஷாமிளாவையும் போய் ஒரு எட்டுப் பார்க்கணும்."

லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் கருப்பாயியின் மகள் ஷாமிளா. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். இன்றோ நாளையோ என்றிருக்கிற வயிறு.

"ஏன், அவளுக்கு என்ன?" என்றான் யோகராஜ்.

"அவளுக்கும் முந்தாநாள் இந்தக் காய்ச்சல் கண்டுருச்சு. இடுப்பைத் தூக்க முடியாம கெடக்குறா. அந்தப் பிள்ளைக்காவது நல்ல புத்தி சொல்லுவோம்னு, டிஸ்பென்சரிக் குளுசையத் தொடாதடின்னு எல்லாத்தையும் வாங்கிப் பீலிக்கரையில கொட்டிட்டேன். என் மருந்துல ஒரு அட்டை முழுசாக் குடுத்துட்டு வந்திருக்கேன். காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு."

விஜயகலா எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றியது. கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

மாமியாருக்காக அவள் விழுங்கிய உண்மை ஒரு பொழுதுகூட வயிற்றில் தங்கவில்லை. தங்கினால் இன்னொரு வயிறு காலியாகும்.

"என்னடி, எதுக்கு எழும்புற? படு."

விஜயகலா மூக்காயியின் கையைப் பிடித்தாள். பத்து நாள் தண்ணீர் மொண்டு கொடுத்த கை. அதை விடாமல் பிடித்துக்கொண்டே கணவனைப் பார்த்தாள்.

"ஓடுங்க. ஷாமிளா அந்தக் குளுசையை இனிமே ஒண்ணுகூடப் போடக் கூடாது. அவளை ஒடனே இங்க கூட்டிக்கிட்டு வாங்க. ஏன்னு கேக்காதீங்க, ஓடுங்க!"

யோகராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். மறுபேச்சுப் பேசாமல் ஓடினான்.

மூக்காயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகன் போன வழியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

"என்னடி இது? என் மருந்துக்கு என்ன?"

"உக்காருங்க அத்தை" என்றாள் விஜயகலா. "நோனா சொன்னதை நான் உங்ககிட்ட முழுசாச் சொல்லல."